‘அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மாதிரி வருமா?’ - கேள்வியையே மாற்ற வேண்டிய நேரம் இது!

திண்டுக்கல்லில் பூட்டுச் சாவி தொலைந்துபோனால் யாரும் ரொம்பப் பதற மாட்டார்கள். பூட்டு ஊர் ஆச்சே! நாகல் நகர் பக்கம் விசாரித்தால் பூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் லீவர்களைப் பார்த்து, புதுச் சாவியை ராவிக் கொடுக்க ஒரு கைக்காரர் இன்னும் கிடைப்பார். கையால் செய்யப்படும் அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால், அதே ஊரில் வேறு சில பூட்டுகளும் இருக்கின்றன. அவை இரும்பில் செய்யப்பட்டவை இல்லை. டி.டி.பி. கடை மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில், பள்ளி அலுவலக பீரோவில் இருக்கும் சி.டி.யில், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கும் பிளாப்பியில் இருக்கின்றன. உள்ளே இருப்பது தமிழ். எழுதியவருக்கே இன்று அதைத் திறக்க முடியாது.

‘பழைய டெக்னாலஜி நல்லதா, புதுசு நல்லதா’ என்ற பட்டிமன்றம் டீக்கடை முதல் டி.வி. வரை நடந்துகொண்டே இருக்கிறது. இந்தத் திறக்காத ஃபைல்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பே தப்பு என்பது புரியும்.

யார் இந்த ‘கம்ப்யூட்டர் அண்ணன்’?

திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என எந்த ஊராக இருந்தாலும் ‘கம்ப்யூட்டர் அண்ணன்’ ஒருவர் இருப்பார். 1990-களில் டாஸ் கற்றவர். கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்தே வேலையை முடித்தவர். தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் முடித்துவிட்டு அப்படியே கீபோர்டுக்கு மாறியவர். தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பவர். இன்று அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.

அவரிடம் புது லேப்டாப் ஒன்றைக் காட்டினால் போதும், புகார்ப் பட்டியல் வந்துவிடும். “ராம் மாத்த முடியாது, எல்லாத்தையும் போர்டுலயே ஒட்டி வச்சிருக்கான்.” “ஆன் பண்ணின உடனே ஈமெயில் ஐடி கேக்குறான்.” “வாங்கின சாஃப்ட்வேருக்கு மாசா மாசம் வாடகை கட்டணுமாம்.” கடைசியில் எல்லாம் ஒரே வரியில் வந்து முடியும்: “அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மாதிரி வருமா?”

வீட்டில் இருக்கும் இளசுகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘பூமர் அங்கிள்’ என்று ஒரு முத்திரையும் குத்திவிடுவார்கள். ஆனால் அவர் சொல்வதில் சரிபாதி உண்மை. மீதிப் பாதி ஞாபக மயக்கம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

எதில் அவர் சொல்வது சரி?

முதலாவது, ரிப்பேர். பழைய டெஸ்க்டாப்பில் எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ்., ராம் போனால் ராம். இன்றைய மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று போனால் மொத்தமும் போச்சு.

இது வெறும் பழைய ஆள் புலம்பல் இல்லை. ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்கான விதிமுறைகளை உருவாக்க மத்திய அரசின் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்காக ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அண்ணன் கடை வாசலில் நின்று சொன்னதைத்தான் அரசு கோப்பில் எழுதியிருக்கிறது.

இரண்டாவது, நல்ல நிலையில் இருக்கும் மெஷினைக்கூட ‘பழசு’ என்று ஓரங்கட்டுவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பட்டியலில் உள்ள ப்ராசஸரும் வேண்டும். நேற்றுவரை பில் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒரே நாளில் பாதுகாப்பற்றது ஆகிவிடுகிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. தேதி மட்டும்தான் மாறியது.

தமிழ்நாட்டுக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆரம்பக் கட்டத்தில் தரப்பட்டவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளை மனதில் வைத்து உருவாக்கியது அது. பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு கதை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துபோனது. ஆனால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அந்த லேப்டாப்களில் பலவற்றை இன்றும் டைப்பிங்குக்கும் படிப்புக்கும் பயன்படுத்தலாம். அதாவது, திறந்த மென்பொருள் இருந்தால் மெஷினின் ஆயுளை முடிவுசெய்வது கம்பெனி இல்லை, நீங்கள்.

எதில் ஞாபக மயக்கம்?

இப்போது மறுபக்கம். ‘அந்தக் காலம்’ உண்மையில் எப்படி இருந்தது?

ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதற்குள் அடங்காது. தூசி பட்டாலும் போச்சு, காந்தம் பக்கத்தில் வந்தாலும் போச்சு. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு வேலையைக் கொண்டுபோனால் வைரஸும் கூடவே போகும். பக்கம் பக்கமாக அடித்துவிட்டு சேவ் பண்ண மறந்து, கரன்ட் போனதும் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை நினைத்துப் பார்த்தாலே போதும். யு.பி.எஸ். இல்லாத டி.டி.பி. கடைக்கு அது எவ்வளவு பெரிய சோதனை!

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அது டயல்-அப் காலம். போன் லைன் பிஸியாகும், பில் எகிறும், ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். இன்று அதே திண்டுக்கல் சமவெளியில் கத்திரிக்காய் பறிக்கும் விவசாயி, வண்டி ஏற்றுவதற்கு முன்பே மார்க்கெட் நிலவரத்தைப் போனில் கேட்டுவிடுகிறார். கண் தெரியாதவர் திரையில் இருக்கும் தமிழைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கே மனசு வராது.

ஆக, பழசு எல்லாம் தங்கம் என்பதும் பொய். புதுசு எல்லாம் முன்னேற்றம் என்பதும் பொய். அப்படியானால் எதை வைத்துத்தான் அளப்பது? ஒரே ஒரு கேள்விதான்: நாளைக்குத் திறக்குமா?

ஐந்து குறிகளுக்குள் ஒளிந்த ‘அம்மா’

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் தேவையில்லை.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த எண்கள் 1960-களிலேயே உலகத்துக்கே பொதுவாகிவிட்டன. தமிழுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத காலத்தில் நம்மவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைப்பது. அதுதான் பழைய தமிழ் எழுத்துரு, அதாவது ஃபான்ட்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அழகாக ‘அம்மா’ தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கல். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும்தான் வரும்.

சரி, எல்லோரும் பாமினியையே பயன்படுத்தியிருந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. ஒரு எழுத்துருவில் ‘அ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘க’ இருக்கும். ஒரு கடையில் அடித்ததை அடுத்த தெருக் கடையில் திறந்தால் தமிழ் போன்ற தோற்றத்தில் ஏதோ ஒன்று வரும். அதனால்தான் வாடிக்கையாளர் அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. கடைக்காரரும் “அந்த கம்ப்யூட்டர்லதான் சார் ஓபன் ஆகும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. அந்தக் காலத்தில் பத்திரிகை, நோட்டீஸ், மலர் எல்லாம் பேஜ்மேக்கரில்தான் உருவாகும். அடோபி நிறுவனம் அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0-ஐ 2001-ல் வெளியிட்டது. அதோடு கதை முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி வருவதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பு வரைதான் இன்டிசைன் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்தது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறக்கவில்லை.

அதாவது பெட்டிக்கு ஒரு பூட்டு, பெட்டிக்குள் இருக்கும் எழுத்துக்கு இன்னொரு பூட்டு. இரண்டு சாவியும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள்தான். அந்த ஹார்டு டிஸ்க் என்றைக்கு ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பிக்கிறதோ, அன்றோடு சரி.

1960-ல் எழுதிய நிலப் பத்திரத்தை இன்றைக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம். 1998-ல் அடித்த ஃபைலைப் படிக்க முடியவில்லை. வேடிக்கையாக இல்லை?

சாவி செய்த ஆர்வலர்கள்

இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததும் ‘கம்ப்யூட்டர் அண்ணன்’கள்தான் என்பது பலருக்கும் தெரியாத கதை.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தார். அவர் முன்னின்று நடத்திய 1997 சிங்கப்பூர் மாநாட்டில்தான் உலகத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசினார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை அவரே வழிநடத்தினார். உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து நவீன இலக்கியம்வரை உட்கார்ந்து தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பொதுவில் வைத்தார்கள்.

ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டால் அடிக்கும் உழைப்பு எல்லாம் வீண் என்பது அவர்களுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து, ‘டாம்’, ‘டாப்’ என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது.

இன்னொரு பக்கம், உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் என்ற நோக்கத்தோடு வந்த யூனிகோட், 1991-ல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அந்த ஒதுக்கீடு போதாது, உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் வேண்டும் என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் ‘டேஸ்16’ என்ற 16 பிட் குறியீட்டையும் தர நிர்ணயமாக அறிவித்துத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

யூனிகோடிலும் ‘அம்மா’வுக்கு ஐந்து குறிகள்தான். அ, ம, புள்ளி, ம, கால். ஆனால் இது யாருடைய கம்பெனிக்கும் சொந்தமான பட்டியல் இல்லை. சென்னையில் அடித்தது ஜாஃப்னாவில் திறக்கும், டொரன்டோவிலும் திறக்கும். இன்று போனில் தமிழில் சண்டை போடுவதும், மீம்ஸ் போடுவதும், தேடுவதும் எல்லாம் இந்த ஓர் ஒற்றுமையால்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இவர்கள் பழசைக் காப்பாற்றப் புதுசைப் பயன்படுத்தியவர்கள். ‘எங்கள் காலம்தான் உசத்தி’ என்று உட்கார்ந்துவிடவில்லை. ‘புதுசு வந்துவிட்டது, பழசைத் தூக்கிப் போடு’ என்றும் சொல்லவில்லை.

‘கல்யாணப் பத்திரிகைதானே... போனால் போகிறது!’

1985-லிருந்து 2010 வரை என்று வைத்துக்கொண்டால் கால் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் கம்ப்யூட்டரில் அடிக்கப்பட்ட தமிழில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பழைய எழுத்துருக்களில்தான் இருக்கிறது. அதில் கல்யாணப் பத்திரிகை நிறைய இருக்கும், உண்மைதான். ஆனால் அது மட்டுமா? கோயில் திருப்பணி வரவு செலவு, கூட்டுறவுச் சங்கத் தீர்மானம், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர் எழுத்தாளரின் அச்சேறாத நாவல், பாட்டி சொன்ன கதைகளைத் திரட்டிய மாணவரின் ஆய்வேடு... ஒரு ஊரின் வரலாறு என்பது இவைதானே?

‘இருபது வருடத்துக்கு முந்தைய தகவல் யாருக்குத் தேவை?’ என்று கேட்பவர்களுக்கு 2025 நவம்பரே பதில் சொல்லிவிட்டது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் அந்த மாதம் 4-ம் தேதி தொடங்கியபோது, லட்சக்கணக்கானோர் 2002, 2005-ம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடினார்கள். யாரும் இனித் தொடப்போவதில்லை என்று நினைத்த ஒரு பழைய பட்டியல், திடீரென்று ஒவ்வொரு வீட்டுக்கும் அவசரமாகத் தேவைப்பட்டது. எந்தத் தகவல் எப்போது தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இப்போது முளைத்தது. ஏ.ஐ. இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு, படிக்கக் கிடைக்கும் எழுத்திலிருந்துதான் மொழியைக் கற்கிறது. பாமினியில் இருக்கும் ‘அம்மா’ அதன் கண்ணுக்கு ஐந்து குறிகள் கொண்ட குப்பை. அந்தக் கால் நூற்றாண்டில் ஊர்ப்புறத் தமிழ் எப்படி எழுதப்பட்டது, வேடசந்தூர் மில் தொழிலாளியின் துண்டறிக்கையில் என்ன சொல் இருந்தது, சின்னாளபட்டி நெசவாளர் எந்தப் பெயரில் சேலை வகையைக் குறித்தார் என்பது எதுவும் அதற்குத் தெரியாது. பிறகு, ‘ஏ.ஐ.க்குத் தமிழ் சரியா வரலை’ என்று புலம்பி என்ன பயன்? கற்றுக்கொடுக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருப்பது நாம்தான்.

புதுப் பூட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன

‘அதான் யூனிகோட் வந்துடுச்சே, இனி என்ன?’ என்று நிம்மதியாக உட்கார முடியாது. பூட்டின் வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

லட்சக்கணக்கானோர் இலவசமாக இணையதளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஃப்ளாஷ் தொழில்நுட்பத்துக்கு 2020 டிசம்பர் 31-ல் விடைகொடுக்கப்பட்டது. பல இணைய விளையாட்டுகளும் பாட அனிமேஷன்களும் அதோடு நின்றுபோயின. அடோபி 2013-லேயே தன் முக்கிய மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. சந்தா கட்டுவதை நிறுத்தினால், நீங்கள் செய்த வேலையைத் திருத்துவதற்கே வேறு வழி தேட வேண்டும்.

குழந்தையின் முதல் போட்டோவில் இருந்து கடைக் கணக்கு வரை எல்லாமே இன்று ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. பாஸ்வேர்டு மறந்து, அக்கவுன்ட்டோடு இணைந்த போன் நம்பரும் மாறிப்போனால் என்ன ஆகும்? பிளாப்பியாவது கையில் இருந்தது, திறக்காவிட்டாலும். கிளவுடில் இருப்பது கையிலும் இல்லை.

2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ராம் எவ்வளவு, ப்ராசஸர் எது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இன்னும் பத்து வருடம் கழித்தும் அதை ரிப்பேர் பார்க்க முடியுமா, அதில் எழுதியதை வேறு மெஷினில் திறக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். 2011-ல் தொடங்கிய திட்டம் கற்றுத்தந்த பாடம் அது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

நல்ல செய்தி என்னவென்றால், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை ஆர்வலர்களின் உழைப்பில் வந்தவை. வீட்டிலோ கடையிலோ பழைய கம்ப்யூட்டர் இருந்தால் செய்ய வேண்டியவை இவை:

* முதலில் நகல். மெஷின் ஆன் ஆகும்போதே ஃபைல்கள் மொத்தத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். எது முக்கியம் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

* எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஃபான்ட்ஸ் போல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள்தான் சாவி. ஃபைல் இருந்து எழுத்துரு இல்லை என்றால், அது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பதற்கே தாவு தீர்ந்துவிடும்.

* பேஜ்மேக்கர் ஃபைல் என்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே திறந்து, உள்ளே இருக்கும் எழுத்தை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகவும், பக்கத்தை பி.டி.எஃப். ஆகவும் வெளியே எடுங்கள். பிறகு டெக்ஸ்ட்டை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

* மாற்றியபின் ஒருமுறை படியுங்கள். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பதைப் பார்வை வரிசைப்படி கொம்பு, க, கால் என்று அடித்திருப்பார்கள். யூனிகோடில் க முதலில் வரும். இதைக் கருவிகள் சரியாகவே மாற்றும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து உளறிவிடும். கிரந்த எழுத்துகளிலும் ஒரு கண் வையுங்கள்.

* இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ. கிளவுடு கெட்டது இல்லை. கிளவுடு மட்டுமே இருப்பதுதான் கெட்டது.

ஆனால் இதைத் தனி ஆள்கள் மட்டும் செய்து முடிக்க முடியாது. 2010-ல் ஆணை போட்டதோடு அரசின் வேலை முடிந்துவிடவில்லை. ஆணைக்குப் பின் எழுதுவதற்குத்தான் அது வழி செய்தது, ஆணைக்கு முன் எழுதியதை மீட்க எந்த ஏற்பாடும் அதில் இல்லை. மாவட்ட மைய நூலகங்களில் வருடத்துக்கு ஒருமுறை ‘பழைய ஃபைல் மீட்பு முகாம்’ நடத்துவதில் பெரிய செலவு எதுவும் இல்லை. பிளாப்பி டிரைவ், சி.டி. டிரைவ் வைத்த இரண்டு பழைய கம்ப்யூட்டர், இன்டர்நெட், விவரம் தெரிந்த நான்கு பேர் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் மாற்றும் கருவிகளைத் தரலாம். திண்டுக்கல்லைப் பொறுத்தவரை, கிராமங்களோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே 1956-ல் தொடங்கப்பட்ட காந்திகிராம கிராமிய நிறுவனம் சின்னாளபட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி கிடைக்குமா?

அந்த நான்கு பேர் யார் என்றால், வேறு யார்? நம் கம்ப்யூட்டர் அண்ணன்கள்தான். பேஜ்மேக்கரின் குறுக்குவழி விசைகள் இன்னும் அவர்கள் விரலில் இருக்கின்றன. எழுத்துருவைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடியவர்கள். இந்த அறிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் ஓய்ந்துபோனால் அதுவும் போய்விடும்.

அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில்

பழசு, புதுசு என்ற சண்டையில் நஷ்டம் இரண்டு பக்கத்துக்கும்தான். அண்ணனுக்குப் பழைய ஃபைலைத் திறக்கத் தெரியும், அதைப் போனில் படிக்கிற மாதிரி மாற்ற ஆள் வேண்டும். தம்பிக்கு மாற்றத் தெரியும், எதைத் திறப்பது என்று தெரியாது. இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் துணி போர்த்திய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஒரு பள்ளியின் இருபது ஆண்டு மலர்கள் வெளியே வந்துவிடும்.

அடுத்த முறை புது லேப்டாப்போ, புது ஆப்போ வாங்கப் போகும்போது ‘லேட்டஸ்ட்டா?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இதில் நான் எழுதுவதைப் பத்து வருடம் கழித்து, இந்தக் கம்பெனி இல்லாவிட்டாலும் திறக்க முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் முழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

பூட்டு வாங்கும்போது ‘இன்னொரு சாவி இருக்கா?’ என்று கேட்காமல் திண்டுக்கல்காரர் யாராவது கடையை விட்டு இறங்குவாரா?